கிளிக்கு ஊட்டின பழம்

சிறுமலை
29.7.2002

அத்தைக்கு,

தமிழ்மதி எழுதுறேன். இதையாவது கிழிக்காமப் படிங்க. இந்த ஒரு வருசத்துல நாலு கடிதம் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. இது அஞ்சாவது.

வர்ற வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு வருச தெவசம். வாழைத்தார் ஏத்திட்டு இறங்குற பொம்மையன் அண்ணன்கிட்ட ஒரு பையில எட்டு பட்டர்புரூட்டு, அதான் வெண்ணெய்ப்பழம், குடுத்து விட்டிருக்கேன். எங்க காப்பிக்காட்டு ஓரத்து மரத்துல காய்ச்சது. கல்லு மாதிரி இருக்குன்னு தூக்கிப் போட்டுறாதீங்க. அரிசிப் பானைக்குள்ள ரெண்டு நாள் வச்சா மெத்துன்னு ஆயிரும். நாட்டுச்சக்கரை போட்டுப் பெசஞ்சு குடுத்தா அவர் கிண்ணத்தை வழிச்சு நக்குவார், உங்களுக்கே தெரியும். படையல் இலையில அதுவும் ஒரு ஓரமா இருக்கட்டும்.

நான் வரலாமான்னு கேக்க மாட்டேன். கருமாதி அன்னிக்கு "எம்மகனை மலைக்கு இழுத்துக் கொன்னவ, இனி இந்த வாசல்ல நிக்காத"ன்னு நீங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. ஆனா பொம்மையன் அண்ணன் ஒண்ணு சொன்னார். உங்க மகன் கொச்சிக்கு லாரியில லோடு போனப்ப ஒரு கப்பல்காரர் வீட்டுல குடுத்தாங்கன்னு கொண்டு வந்தாரே, மஞ்சத் தலைக் கிளி, அது இப்ப அவர் குரல்லயே பேசுதாம். நான் அங்க இருந்த வரைக்கும் லாரி ஹாரன் மாதிரி விசிலடிக்க மட்டுந்தான் அதுக்குத் தெரியும்.

நெசமா அத்தை? நான் வீட்டுக்குள்ள வரல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிடுறேன்.

தமிழ்மதி

*

சாணார்பட்டி
5.8.2002

தமிழ்மதிக்கு,

பழம் வந்துச்சு. கிளி செத்துப் போச்சு.

என்ன எழுதுறதுன்னு தெரியல. நான் மூணாப்புதான் படிச்சவ, எழுத்து கோணலா இருக்கும், எழுத்துக் கூட்டிப் படிச்சுக்க.

வெள்ளிக்கிழமை படையல் போட்டேன். சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை, அவன் குடிக்கிற பீடி, நீ அனுப்புன பழம். எல்லாரும் காக்காய்க்குத்தான மொதல்ல வைப்பாக. நான் வைக்கல. எம்மகன் குரல் ஒரு கூண்டுக்குள்ள இருக்கயில நான் எதுக்குடி எவன் வீட்டுக் காக்காயவோ கா கான்னு கூப்புடணும்? இலையில இருந்து எடுத்துக் கிளிக்கு ஊட்டினேன். சோத்தைத் தொடல. பழத்தைக் குடுத்தேன், அம்புட்டு ஆசையா வாங்கித் தின்னுச்சு. அரைப் பழத்துக்கு மேல தின்னுருக்கும். எம்மகனே திங்கிறான்னு அழுதேன்.

மறுநா மத்தியானம் பாத்தா கம்பியில இல்ல, கூண்டுக்கு அடியில உக்காந்திருக்கு. இறகை எல்லாம் உப்பிக்கிட்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சு விடுது. வெக்கைன்னு நெனச்சுத் தண்ணி தெளிச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில எம்மடியிலயே தலை தொங்கிருச்சு. செத்த நேரம் நான் ஒண்ணும் பேசல. அப்பறம் நான் போட்ட சத்தத்துல தெருவே வந்துருச்சு.

என் ஓரகத்தி, உன் சின்னத்தை பழனியம்மா கேக்குறா: "ஏக்கா, ஒரு வருசமா மொகம் காட்டாதவ திடீர்னு பழம் அனுப்புறான்னா உனக்கு ஒறைக்க வேண்டாமா? கிளி பேசுறதைக் கேக்க வரணும்னு எழுதுனா. நீ விட மாட்டன்னு அவளுக்குத் தெரியும். எனக்கு இல்லாதது உனக்கும் வேண்டாம்னு மருந்து வச்சு அனுப்பிட்டா." நானும் அதைத்தான் நெனைக்கிறேன்.

கிளியப் புதைக்கல. சோடாக் கடைக்காரரு ஐஸ் பெட்டியில வாங்கி வச்சாரு. இன்னைக்குக் காலம்பற திண்டுக்கல் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துட்டேன். அறுத்துப் பாத்துச் சொல்றேன்னாக. நீ என்ன மருந்து வச்சன்னு தெரிஞ்சுரும். தெரிஞ்ச மறுநா நான் போலீசு ஸ்டேசன்லதான் இருப்பேன்.

எம்மகனை ஒருதரம் கொன்ன. ரெண்டாந்தரமும் கொன்னுட்டியேடி.

பேச்சாயி

*

சிறுமலை
10.8.2002

அத்தை,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு நான் அடுப்படியிலயே உக்காந்துட்டேன். எங்க அம்மா வந்து உலுக்கிற வரைக்கும் அடுப்பில பால் பொங்கி வழிஞ்சது எனக்குத் தெரியல.

மருந்தா? நானா? அந்த மரத்துப் பழத்தை நாங்க எல்லாரும் தின்னோம். அன்னிக்குப் பறிச்சதுல மீதி பன்னெண்டு பழத்தை எங்க அப்பா சந்தையில வித்தார். தின்ன எவனும் சாகல. உங்களுக்கு அனுப்பினதை நானே கையால துடைச்சு, ஒவ்வொண்ணையும் பேப்பர்ல சுத்தி வச்சேன். அதுக்கு இந்தப் பேரா?

அவர் குரலை நான் இன்னும் கேக்கவே இல்லையே அத்தை. கேக்காத ஒண்ண நான் எதுக்கு அழிப்பேன்?

எத்தனை நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கிறது? இன்னிக்கு எழுதிடுறேன். அவரை மலைக்கு நான் இழுக்கல. நான் ஏன் மலைக்கு வந்தேன்? சின்னத்தை மக வளைகாப்புல நான் வளையல் போட எந்திரிச்சப்ப, அம்புட்டுப் பொம்பளைக முன்னாடி நீங்க என் கையைத் தட்டிவிட்டீங்க. "மூணு வருசமா வயிறு தொறக்காதவ, நீ தள்ளி நில்லு"ன்னீங்க. வளையல் கீழ விழுந்து உடைஞ்சது. அவர் வாசல்ல நின்னு பாத்தார். ஒரு வார்த்தை பேசல. அதுக்குத்தான் பஸ் ஏறினேன். ஆறாம் நாள் அவர் டிவிஎஸ் வண்டியில மலை ஏறினது, வளைவுல பள்ளத்துல போனது, எதுவும் எனக்குத் தெரியாது. நான் வரச் சொல்லல. ஆனா நான் அழுது மிரட்டி வரச் சொன்னேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க.

டாக்டர் என்ன வேணும்னாலும் சொல்லட்டும். நீங்க போலீசுக்குப் போங்க, நான் வந்து நிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது என்ன பேசுச்சு? பொம்மையன் அண்ணன் "ஏதோ வந்துட்டேன் போய்ட்டேன்னுச்சும்மா, அதுக்குள்ள உங்க அத்தை சாக்கைப் போட்டு மூடிட்டாக"ங்கிறார். எதுக்கு மூடினீங்க?

ஒரு வரி எழுதுங்க. அவர் என்ன சொன்னார்?

தமிழ்மதி

*

சாணார்பட்டி
16.8.2002

தமிழ்மதிக்கு,

நேத்து ஆஸ்பத்திரி லீவு. இன்னைக்குப் போனேன். பாத்தவுக ஒரு டாக்டரம்மா, அஜீஸுன்னிசான்னு பேரு, சின்ன வயசு. என்னைய ஸ்டூல்ல உக்கார வச்சு, "ஏம்மா, இதுக்கு யாரும் மருந்து வைக்கல. நெஞ்சைச் சுத்தித் தண்ணி கட்டி மூச்சு முட்டிச் செத்திருக்கு. கடைசியா என்ன குடுத்தீங்க?"ன்னு கேட்டாக.

சோறு குடுத்தேன் தொடல, பட்டர்புரூட்டு குடுத்தேன் தின்னுச்சுன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டாக.

"நானும் அதுல ஒரு பழம் முழுசாத் தின்னேனே டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் ஆகலயே"ன்னேன்.

"நீங்க கிளி இல்லையேம்மா"ன்னாக.

அந்தப் பழத்துலயும் இலையிலயும் கொட்டையிலயும் இயற்கையாவே ஒண்ணு இருக்காம். மனுசனை அது ஒண்ணும் பண்ணாதாம். கிளி, குருவி வகைக்கு அது நெஞ்சைப் புடிச்சுருமாம். எனக்கு ஸ்டூல்ல உக்கார முடியல. தரையில எறங்கி உக்காந்துட்டேன். அவுகளே தண்ணி மோந்து குடுத்தாக.

ஏன் குடுத்தேன்னு உனக்குச் சொல்லணும். பழத்தைக் குறுக்க அறுத்தேன். தோலு பச்சை, தோலை ஒட்டி எளம்பச்சை, உள்ள போகப் போக மஞ்ச. கூண்டுல கிளியப் பாத்தேன். உடம்பு பச்சை, கழுத்துல எளம்பச்சை, தலை மஞ்ச. அச்சு அசலா ஒண்ணு. றெக்கை முளைச்ச பழம் கணக்கா அது, அலகு இல்லாத கிளி கணக்கா இது. சோத்தைத் தொடாதது இதைப் பாத்ததும் கழுத்தை நீட்டுச்சா, சரி, இது அதுக்குன்னே காய்ச்சதுன்னு நெனச்சுட்டேன். டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னேன், சிரிப்பாகன்னு பாத்தேன், சிரிக்கல.

"நீங்க நெனச்சது ஒரு வகையில சரிதாம்மா. அந்த மரத்துக்கும் இந்தக் கிளிக்கும் பூர்வீகம் இது இல்ல. ரெண்டும் கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவுக்குக் கீழ இருக்கிற வெக்கை நாட்டுல பொறந்ததுக. மரத்தை யாரோ காப்பிக்காட்டுக்குக் கொண்டாந்தாக, கிளியக் கப்பல்ல கொண்டாந்தாக"ன்னாக.

"ஒரே ஊர்லருந்து வந்தது ஒண்ணை ஒண்ணு தெரிஞ்சுக்காதா?"ன்னு கேட்டேன்.

"காட்டுல வளந்தா தாய்க்கிளி எதைத் திங்கணும், எதைத் தொடக்கூடாதுன்னு காட்டிக் குடுக்கும். கூண்டுல வளந்தது, கை எதைக் குடுத்தாலும் திங்கும்"னாக.

கை என் கை.

மரம் இருக்கே, நட்ட எடத்துல நிக்குது, யாரையும் கூப்பிடல, சத்தம் போடல. கிளி நாளெல்லாம் கத்துச்சு, கடிச்சுச்சு, கூண்டை ஒடைக்கப் பாத்துச்சு. பாக்குறவுக கிளியத்தான் பொல்லாததும்பாக. கடைசியில எது எதைக் கொன்னுச்சு பாரு.

நீ மருந்து வைக்கல. அதை எழுதத்தான் உக்காந்தேன், எழுதிட்டேன். பழனியம்மாகிட்ட இன்னும் சொல்லல. அவ வாய் உனக்குத் தெரியும்.

அது என்ன பேசுச்சுன்னு கேட்டிருந்த. கிளிதான, ஏதோ பேசும். அதை விடு.

பேச்சாயி

*

சிறுமலை
23.8.2002

அத்தை,

நீங்க எழுதினதை நாலு தடவை படிச்சேன். என்மேல தப்பு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். இல்ல.

எனக்குத் தெரிஞ்சிருந்தது அத்தை. முழுசா இல்ல, பாதி. எங்க அப்பா அந்த மரத்துக்கிட்ட ஆட்டைக் கட்ட மாட்டார். குட்டி போட்ட ஆடு அந்த இலையைத் தின்னுச்சுன்னா மடி வீங்கிப் பால் வத்திப் போயிடும். மலையில ஆடு வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். சின்னப் பிள்ளையில நானே எத்தனை தடவை ஆட்டை அங்கேருந்து விரட்டியிருக்கேன். ஆட்டுக்கு ஆகாதது கிளிக்கு ஆகுமான்னு எனக்குத் தோணவே இல்ல. பழம்னா அவர் ஞாபகம், கிளின்னா அவர் குரல், ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒரு நிமிசம் யோசிக்கல. கிளிக்கு மட்டும் குடுக்காதீங்கன்னு ஒரு வரி போட்டிருக்கலாம்.

நேத்து அப்பா அரிவாளை எடுத்துட்டு மரத்தை வெட்டப் போனார். நான் போய்த் தடுத்தேன். மரத்துல இன்னும் காய் தொங்குது. எல்லாம் கிளி குனிஞ்சு உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு. நீங்க எழுதினதுக்கு அப்புறம் எனக்கு அப்படித்தான் தெரியுது. என்னால அதுக்குக் கீழ நிக்க முடியல, வெட்ட விடவும் முடியல.

இன்னொண்ணு சொல்லணும். உங்களுக்கு யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். வேடசந்தூர்ல இருந்து என்னைப் பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. மாப்பிள்ளை மில்லுல வேலை பாக்குறார், பேர் ஈஸ்வரன். சம்சாரம் தவறிட்டாங்க, நாலு வயசுல ஒரு மக. நல்ல மனுசர்னுதான் சொல்றாங்க. வருச தெவசம் முடியட்டும்னு சொல்லி வச்சிருந்தேன். உள்ளுக்குள்ள வேற ஒண்ணு இருந்துச்சு. உங்க மகன் குரலை ஒரு தடவை கேட்டுட்டா, போன்னு சொல்றாரா இருன்னு சொல்றாரான்னு எனக்குத் தெரிஞ்சிடும்னு நெனச்சேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அதை வச்சுத்தான் ஒரு வருசம் ஓட்டினேன்.

ஆவணி முடியிறதுக்குள்ள பதில் கேக்குறாங்க. அதுலயும் இப்ப ஒரு கல் விழுந்திருக்கு. அவங்க சொந்தக்காரர் ஒருத்தர் உங்க ஊர்ல பூக்கடை வச்சிருக்காராம். "பழத்துல வச்சுக் கிளியக் கொன்னவளாமே, நாளைக்கு இந்தப் பிள்ளைக்குச் சோறு போடுவாளா?"ன்னு கேட்டிருக்கார். இது சின்னத்தை வாய்ல இருந்து போனது. நீங்க இன்னும் சொல்லலன்னு எழுதியிருக்கீங்க. ஏன் அத்தை சொல்லல?

"அதை விடு"ன்னு எழுதாதீங்க. ஒண்ணுமில்லாததை மூடுறதுக்கு யாரும் சாக்கைத் தேட மாட்டாங்க. என்ன பேசுச்சு?

தமிழ்மதி

*

சாணார்பட்டி
31.8.2002

மதி,

அவன் உன்னைய அப்படித்தான கூப்புடுவான்.

இதை எழுத அஞ்சு நாள் ஆச்சு. மூணு தடவை எழுதி அடுப்புல போட்டேன்.

நீ பஸ் ஏறிப் போன அஞ்சு நாளும் அவன் வண்டிக்குப் போகல. கூண்டு முன்னாடி குறுக்கயும் நெடுக்கயும் நடப்பான். என்னமோ முணுமுணுப்பான். கிளிகூடப் பேசுறான்னு நெனச்சேன். "ஏலே, கிறுக்குப் புடிச்சுருச்சா"ன்னு கேட்டேன். ஆறாம் நாளு சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டான். எங்க போறேன்னு எங்கிட்டச் சொல்லல.

கருமாதி முடிஞ்சு மூணு வாரம் இருக்கும். சாயங்காலம் பூ கட்டிக்கிட்டு இருக்கேன். முதுகுக்குப் பின்னால எம்மகன் பேசுறான். பூவு, நாரு எல்லாம் எங்க விழுந்துச்சோ தெரியல. திரும்பிப் பாத்தா கிளி. அவன் அஞ்சு நாளு நடந்து நடந்து மனப்பாடம் பண்ணினதை அது கேட்டு வச்சுருக்கு. எழுதுறேன், அது சொன்னபடியே எழுதுறேன்.

"மதி, நான் வந்துட்டேன். எம்மேலதான் தப்பு. ஆத்தா கையத் தட்டுனப்ப நான் கேட்டிருக்கணும். நான் கேக்காம நின்னேன். ஆத்தா பேசுனது பாவம். வா, வீட்டுக்குப் போவோம். வரலைன்னாலும் கோச்சுக்க மாட்டேன்."

இம்புட்டுத்தான். நடுவுல நடுவுல இருமுவான்ல, அந்த இருமலோட. பொழுது சாய்ஞ்சா தெனம் சொல்லும். பத்து மாசமா சொல்லுச்சு. அதுல என்னைய ஒருநாளும் ஆத்தான்னு கூப்பிடல. என்னையப் பத்தி உங்கிட்டச் சொன்னதுதான் இருந்துச்சு. நீ வரச் சொல்லித்தான் போனான்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது கூண்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு இல்ல இல்லன்னு சொல்லுச்சு. அதுக்குத்தான் சாக்கு. ஆளு வந்தாச் சாக்கு, பொழுது சாய்ஞ்சாச் சாக்கு. உன்னைய வர விடாததும் அதுக்குத்தான். சாக்குக்குள்ளயும் பேசும். நான் காதைப் பொத்திக்கிட்டுக் கேப்பேன். காதைப் பொத்துனவ கேக்கவும் செய்வாளான்னு நீ கேப்ப. எம்மகன் குரலு அது ஒண்ணுதான எனக்கும் இருந்துச்சு.

இன்னும் ஒண்ணு இருக்கு. சாமி மேல சத்தியமா, சாகணும்னு நான் ஊட்டல. ஆனா அது மடியில தலை சாஞ்சதும் செத்த நேரம் நான் ஒண்ணும் பேசலன்னு எழுதியிருந்தேன்ல. அப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? இனிமே சொல்லாதுன்னு நெனச்சேன். நெஞ்சு லேசாச்சு. பெத்தவ நெஞ்சு மதி, மகன் குரலு செத்துப்போச்சுன்னு லேசாச்சு. ஒரு மூச்சு நேரந்தான். அப்பறந்தான் கத்துனேன். டாக்டரம்மாகிட்ட நான் ஸ்டூல்லருந்து கீழ எறங்குனது இதுக்குத்தான். பழத்துல ஒண்ணு இருந்து கொன்னுச்சுன்னாக. எனக்குள்ளயும் ஒண்ணு இருக்குன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

வேடசந்தூருக்கு நீ என்ன சொல்லணும்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. வரலைன்னாலும் கோச்சுக்க மாட்டேன்னு அவன்தான் சொல்லிட்டுப் போயிருக்கானே. அதுக்கு மேல நான் யாரு?

பேச்சாயி

*

சிறுமலை
7.9.2002

அத்தை,

கடிதம் புதன்கிழமையே வந்துடுச்சு. மூணு நாளா அதையே திரும்பத் திரும்பப் படிச்சிட்டு உக்காந்திருந்தேன். எங்க அம்மா பயந்துபோய்த் திருநீறு பூசி விட்டாங்க. அவர் மன்னிப்புக் கேக்கத்தான் மலை ஏறினார்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல. சண்டை போடத்தான் வந்திருப்பார்னு நெனச்சிருந்தேன். ஒரு வருசமா செத்தவர் மேல கோவமா இருந்திருக்கேன்.

உங்க மேல கோவம் இல்லைன்னு எழுத வரல. இருக்கு. நீங்க நெஞ்சு லேசாச்சுன்னு எழுதின இடத்துல கடிதத்தைக் கீழ வச்சுட்டேன். அப்புறம் எடுத்துட்டேன். அதை எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நீங்க எழுதினீங்க. அதுனாலதான் வாரேன்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ். எனக்காக எதுவும் ஆக்கி வைக்காதீங்க. சின்னத்தையைக் கூப்பிட்டு வைங்க, அவங்க மகளையும். வளைகாப்புக்கு வந்த பொம்பளைக எத்தனை பேர் வர முடியுமோ வரட்டும். அந்தப் பூக்கடைக்காரரும் வரட்டும்.

அவர் வார்த்தையைக் கிளி சொல்லி முடிச்சுடுச்சு. அதை நீங்க எனக்கு எழுதிட்டீங்க. அது போதும், அவர் மாதிரி இருமிக் காட்ட வேண்டாம். உங்க பங்குக்குச் சொல்ல வேண்டியதை உங்க குரல்ல, அவங்க முன்னாடி சொல்லுங்க. கிளி எப்படிச் செத்துச்சுங்கிறதையும், அவர் எதுக்கு மலை ஏறினாருங்கிறதையும் சொல்லுங்க. நான் நின்னு கேக்கணும்.

கேட்ட பிறகுதான் வேடசந்தூருக்குப் பதில். அது என்னவா இருந்தாலும் உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

தமிழ்மதி